டிசம்பரில் டெல்லி: சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

டெல்லிக்குக் குளிர்காலத்தில் இரண்டு முறை குடும்பத்தோடு போயிருக்கிறோம். முதல் தடவை மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு ஒன்றரை. நான்கு நாளில் பதினோரு இடம் என்று தாளில் எழுதிக்கொண்டு போனோம். பார்த்தது ஐந்து. மீதி நேரத்தில் பார்த்ததெல்லாம் ஓட்டல் அறையின் மேற்கூரையும் குழந்தையின் மூக்கும்தான். இரண்டு வருடம் கழித்து, மாமியாரையும் சேர்த்துக்கொண்டு, ஒரு நாளைக்கு ஒரே இடம் என்று போனோம். அந்தப் பயணத்தைத்தான் பிள்ளைகள் இன்றைக்கும் பேசுகிறார்கள். கீழே இருப்பது அந்த இரண்டு பயணங்களிலும் கற்றுக்கொண்டது.

டெல்லிக் குளிர்காலத்தில் உங்கள் கையில் இருப்பது ஒரு நாளுக்கு ஐந்தரை மணி நேரம்தான். டிசம்பர் கடைசியில் அங்கே சூரியன் உதிக்கவே காலை ஏழேகால் ஆகும். பனிமூட்டம் விலகி வெயில் தலைகாட்டப் பத்தரை, பதினொன்று. மாலை ஐந்தரைக்கு இருட்டிவிடும். அதற்கு ஒரு மணி நேரம் முன்பே குளிர் இறங்க ஆரம்பித்துவிடும். ஆக, பதினொன்றிலிருந்து நாலரை வரை. டிக்கெட், ஓட்டல், சாப்பாடு எல்லாவற்றையும் இந்த நேரத்தை வைத்தே திட்டமிடுங்கள்.

1. தேதி

நம் பள்ளிகளுக்கு அரையாண்டு விடுமுறை கிறிஸ்துமஸை ஒட்டித்தான் வருகிறது. அதனால் பெரிதாகத் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பத்து நாளுக்குள்ளேயும் நல்ல நாள், கெட்ட நாள் உண்டு. டிசம்பர் 25-ம் ஜனவரி 1-ம் டெல்லி முழுவதும் வீட்டை விட்டு வெளியே வந்து இந்தியா கேட்டிலும் உயிரியல் பூங்காவிலும் நிற்கும். அந்த இரண்டு நாளும் கூட்டம் சேரும் இடங்கள் பக்கமே போகாதீர்கள். ஜனவரி பிறந்துவிட்டால் குடியரசு தின ஒத்திகைகள் தொடங்கி, கர்தவ்யா பாதையைச் சுற்றிப் போக்குவரத்தை அடிக்கடி மாற்றிவிடுவார்கள்.

அடுத்தது கிழமை. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. டெல்லியில் திங்கட்கிழமை பாதி ஊர் மூடிக் கிடக்கும். செங்கோட்டை, ரயில் அருங்காட்சியகம், பொம்மை அருங்காட்சியகம், தாமரைக் கோயில், அக்ஷர்தாம், தேசிய அருங்காட்சியகம் எல்லாவற்றுக்கும் திங்கள் விடுமுறை. உயிரியல் பூங்காவுக்கு வெள்ளி விடுமுறை. ஆக்ராவில் தாஜ்மஹாலுக்கும் வெள்ளிதான். குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை இரண்டும் எல்லா நாளும் திறந்திருக்கும். திங்கட்கிழமைக்கு இவற்றில் ஒன்றை ஒதுக்கிவிட்டு மற்றதைச் சுற்றி அடுக்குங்கள்.

நடுவில் ஐந்து முழு நாள் இருந்தால் நல்லது. மூன்று நாள்தான் கிடைக்கிறது என்றால் பிள்ளைகளை அலைக்கழிக்க வேண்டாம், கொடைக்கானலே போதும்.

வீசிங் இருக்கும் குழந்தையானால் இந்தப் பயணத்தை டிசம்பரில் வைக்கவே வைக்காதீர்கள். ஏன் என்று ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன்.

2. ரயிலா, விமானமா?

பிள்ளைகளுக்கு ரயில்தான் கொண்டாட்டம், அதில் சந்தேகமே இல்லை. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் சென்னை சென்ட்ரலில் இரவு பத்து மணி வாக்கில் புறப்பட்டு, இரண்டு ராத்திரியும் ஒரு பகலும் ஓடி மூன்றாம் நாள் காலை புதுடெல்லி போய்ச் சேர வேண்டும். கோடைகாலத்தில் அப்படித்தான் சேரும். டிசம்பர் கடைசியில் அந்த வண்டி குவாலியர், ஆக்ரா, மதுரா வழியைக் கடப்பது பனி மிகவும் அடர்த்தியாக இருக்கிற பின்னிரவு நேரத்தில். அந்தப் பாதையில் எந்த வண்டியானாலும் ஊர்ந்துதான் போக முடியும். முதல் பயணத்தில் நாங்கள் ஏழு மணி நேரம் தாமதமாக இறங்கினோம். கொண்டுபோன இட்லி முந்தின நாளே தீர்ந்துவிட்டது. கடைசி இரண்டு மணி நேரம் குழந்தைக்குப் பால் பவுடர் கரைக்க வெந்நீர் கிடைக்கவில்லை. பேன்ட்ரிக்காரர் டீ போட வைத்திருந்த நீரில் ஒரு டம்ளர் கொடுத்தார், புண்ணியவான்.

ரயில்தான் என்றால் மூன்று விஷயம். இப்போது முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. டிசம்பர் 24-க்கு வேண்டுமானால் அக்டோபர் 25 காலை எட்டு மணிக்குக் கையில் போனோடு உட்கார வேண்டும். இரண்டாவது, ஐந்து வயது நிறைந்து பன்னிரண்டு நிறையாத பிள்ளைக்கு அரை டிக்கெட் எடுத்தால் பெர்த் கிடையாது. பெர்த் வேண்டுமென்றால் முழு டிக்கெட். இரண்டு ராத்திரி என்பதால் முழு டிக்கெட்டே எடுங்கள். ஏழு வயதுப் பிள்ளையோடு ஒரே பெர்த்தில் படுத்துப் பாருங்கள், ஏன் சொன்னேன் என்று தெரியும். மூன்றாவது, போய் இறங்கும் நாளில் எந்த ஏற்பாடும் வைக்காதீர்கள்.

விமானமானால் சென்னையிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள். ஆனால் பனிமூட்டம் விமானத்தையும் விடாது. விடியற்காலை விமானம் மலிவாக இருக்கிறதே என்று எடுத்தால், மூன்று மணிக்குத் தூங்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் விமான நிலையத்தில் ஒன்பது மணி வரை உட்கார வேண்டி வரலாம். நண்பகலை ஒட்டி டெல்லியில் இறங்கும் விமானமாகப் பாருங்கள். திரும்பும்போதும் மதியம் கிளம்புவதே நல்லது. இரண்டு வயதுக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு வயதுச் சான்று கேட்பார்கள், பிறப்புச் சான்றிதழை எடுத்து வையுங்கள்.

நாங்கள் இரண்டாம் முறை போனது விமானத்தில்.

3. தங்கும் அறை

இந்தப் பயணத்தில் காசை எங்கே கொட்டலாம் என்று கேட்டால் அறையில் என்பேன். டெல்லியில் நீங்கள் ஒரு நாளில் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் அறைக்குள்தான் இருக்கப் போகிறீர்கள். நம் ஊரில் ஓட்டல் என்றால் ராத்திரி வந்து விழுவதற்கு ஒரு கட்டில், அவ்வளவுதான். அங்கே அந்தக் கணக்கு உதவாது.

டெல்லிக் கட்டடங்கள் கோடை வெப்பத்துக்குக் கட்டியவை. பளிங்குத் தரை, உயரமான கூரை, சரியாகப் பொருந்தாத சன்னல். டிசம்பர் ராத்திரி வெளியே ஆறேழு டிகிரிக்கு இறங்கும். உள்ளே தரை ஐஸ் பெட்டி மாதிரி இருக்கும். சிம்லாவில் கூடக் குளிருக்கு ஏற்பாடு செய்திருப்பார்கள் போலிருக்கிறது, டெல்லியில் பல ஓட்டல்கள் இந்த இரண்டு மாதத்தையும் ஒரு விபத்தாகவே நினைக்கின்றன.

முதல் முறை நாங்கள் தங்கிய இடத்தில் ஹீட்டர் கேட்டோம். ராத்திரிக்கு முந்நூறு ரூபாய் தனி என்றார்கள். சரி என்றோம். கொண்டுவந்து வைத்தது, சிவப்பாகக் கனலும் கம்பி ஹீட்டர், முன்னால் இருந்த வலைக்கம்பியில் இரண்டு காணோம். ஒன்றரை வயதுக் குழந்தை அந்தச் சிவப்பைப் பார்த்ததும் கையை நீட்டிக்கொண்டு அதை நோக்கித்தான் போனான். ராத்திரி முழுக்க நானும் அவரும் மாறி மாறிக் காவல் இருந்தோம்.

அதனால் பணம் கட்டுவதற்கு முன் போனில் கேட்டுவிடுங்கள். ஹீட்டர் வாடகையில் சேர்ந்ததா, தனியா? எந்த மாதிரி ஹீட்டர்? எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் வகையானால் குழந்தைகள் உள்ள அறைக்கு உத்தமம். கனலும் கம்பி வெளியே தெரியாது. மேல்புறம் சூடாகத்தான் இருக்கும், கட்டில், போர்வை, திரைச்சீலை எதுவும் படாமல், பிள்ளை கை எட்டாதபடி தள்ளி வையுங்கள். 'ஹாட் அண்ட் கோல்டு ஏ.சி.' இருந்தால் இன்னும் நல்லது. வெயில் விழும் சன்னல் உள்ள அறையா என்று கேளுங்கள். தலைக்கு ஒரு ரஜாய் கொடுப்பார்களா என்று கேளுங்கள். ரஜாய் என்பது பஞ்சு அடைத்த தடித்த மெத்தைப் போர்வை. அது கிடைத்துவிட்டால் ராத்திரிப் பயம் பாதி போய்விடும்.

ஓட்டலை விட்டு வீடு மாதிரியான இடத்தில் தங்குகிறவர்கள் குளியலறையில் இருப்பது மின்சார கீசரா, கேஸ் கீசரா என்று பார்த்தே ஆக வேண்டும். காற்றோட்டம் இல்லாத குளியலறையில் கேஸ் கீசரை எரியவிட்டுக் கதவைச் சாத்தினால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனை இருக்காது, நிறம் இருக்காது, மயக்கம்தான் முதலில் தெரியும். கரி அடுப்பும் அதே கதைதான். அங்கீட்டி என்று கங்கு போட்ட சட்டியை யாராவது அன்பாகக் கொண்டுவந்து அறையில் வைத்தால் கும்பிட்டுத் திருப்பி அனுப்புங்கள். மூடிய அறையில் அங்கீட்டி வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி வடக்கே குளிர்காலம் தவறாமல் வருகிறது.

எந்தப் பகுதி? கரோல் பாக் எங்களுக்கு ஒத்துவந்தது. மெட்ரோ இருக்கிறது, நம் சாப்பாடு கிடைக்கிறது, நடுத்தர வாடகை. பஹாட்கஞ்ச் ரயில் நிலையத்துக்குப் பக்கம்தான், ஆனால் அந்தச் சந்துகளில் ஒரு கையில் பெட்டியும் மறு கையில் பிள்ளையுமாக நடப்பது பெரிய பாடு.

4. துணிமணி

சென்னையில் தடித்த ஜாக்கெட் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டால் போதும் என்று நினைப்பது நாம் எல்லோரும் செய்யும் தப்பு. டெல்லியில் காலை ஒன்பது மணிக்கு வாயைத் திறந்தால் புகை வரும். மதியம் ஒரு மணிக்கு வெயிலில் இருபது டிகிரி, ஓடியாடும் பிள்ளைக்கு வியர்க்கும். வியர்த்த பனியனோடு மாலைக் குளிரில் மாட்டினால் பிள்ளை நடுங்கிப்போகும். ஆகவே அடுக்கடுக்காகக் கழற்றி மாட்டுகிற மாதிரி: உடம்போடு ஒட்டிய தெர்மல், அதன் மேல் முழுக்கைச் சட்டை, ஸ்வெட்டர், காற்று புகாத ஜாக்கெட்.

தெர்மல் மட்டும் ஊரிலேயே வாங்கிக்கொண்டு போங்கள், பிள்ளைக்கு மூன்று ஜோடி. ஸ்வெட்டர், ஜாக்கெட் எல்லாம் டெல்லியில் பாதி விலைக்குக் கிடைக்கும். சரோஜினி நகரிலோ லாஜ்பத் நகரிலோ ஒரு மதியம் போதும். இரண்டுக்கும் திங்கள் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை சரோஜினி நகருக்குச் சின்னப் பிள்ளையோடு போகாதீர்கள், தோளோடு தோள் இடிக்கும்.

காதை மூடும் குல்லா, ஆளுக்கு ஆறு ஜோடி சாக்ஸ். அறைக்குள் போட ரப்பர் அடிப்பாகம் உள்ள செருப்பு. நம் பிள்ளைகள் வீட்டுக்குள் வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள். அந்தப் பளிங்குத் தரையில் அது ஆகாது. கையுறை வாங்கினோம், பத்து நிமிடத்தில் ஒன்று தொலைந்தது. விட்டுவிட்டோம்.

தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பெரியவள் முதல் நாள் காலையில் தூக்கிக்கொண்டு வந்தாள். "அம்மா, எண்ணெய் மெழுகுவத்தி ஆயிடுச்சு." உள்ளே வெள்ளையாக உறைந்து, கவிழ்த்தாலும் அசையவில்லை. இருபத்து நான்கு டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் அப்படித்தான். அகல வாய் டப்பாவில் எடுத்துப் போனால் விரலால் வழித்துக்கொள்ளலாம். உதட்டுக்கும் கன்னத்துக்கும் வாசலினைக் காலை, மதியம், ராத்திரி தடவுங்கள். இரண்டே நாளில் குழந்தைகளின் கன்னம் சொரசொரவென்று ஆகிவிடுகிறது.

குளியல் விஷயத்தில் எங்கள் வீட்டில் ஒரு சின்ன மாநாடே நடந்தது.

"குளிக்காம எப்படிம்மா புள்ளைங்களுக்குச் சோறு போடறது?" என்றார் மாமியார்.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும் அத்தை. நடுவுல வெந்நீர்ல துணி நனைச்சுத் துடைச்சு விட்டுடலாம்."

"தலைக்கு?"

"தலைக்கு ஊர்ல போய் ஊத்திக்கலாம்."

மூன்றாம் நாள் காலை அவரே குளியலறைக் கதவு வரை போய், தண்ணீரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து ரஜாய்க்குள் புகுந்துகொண்டார். அதற்குப் பிறகு மாநாடு கூடவில்லை.

5. காற்றும் மருந்துப் பையும்

குளிரைவிடக் காற்றுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். குளிர்காலத்தில் தரைக்குப் பக்கத்துக் காற்று குளிர்ந்து, மேலே போகாமல் ஊர்மேல் அப்படியே தேங்கிவிடுகிறது. வண்டிப் புகை, தூசி, தெருவோரக் குப்பை எரிக்கும் புகை எல்லாம் அதற்குள் சேர்ந்துகொள்ளும். காலையில் நீங்கள் பார்க்கும் வெள்ளைத் திரையில் பனி எவ்வளவு, புகை எவ்வளவு என்று கண்ணால் பிரிக்க முடியாது.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியைப் போனில் போட்டுக்கொள்ளுங்கள். அதில் காற்றுத் தரக் குறியீடு என்று ஓர் எண் காட்டும்: 200-க்கு மேல் 'மோசம்', 300-க்கு மேல் 'மிக மோசம்', 400-க்கு மேல் 'கடுமை'. சென்னைக்காரர்கள் 200-ஐப் பார்த்ததுமே பதறுவோம். டெல்லியில் டிசம்பரில் 300 என்பது சாதாரண நாள். நாங்கள் வைத்துக்கொண்ட விதி இது: 300 வரை வெளியே, 300-லிருந்து 400 வரை மதியம் இரண்டு மூன்று மணி நேரம் மட்டும், 400 தாண்டினால் அன்றைக்குக் கூரைக்கு அடியில்தான். இது மருத்துவர் சொன்ன விதியில்லை, எங்கள் வீட்டு விதி. பிள்ளைக்கு அடிக்கடி சளி பிடிக்குமென்றால் கிளம்பு முன் உங்கள் குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வீசிங் உள்ள பிள்ளைக்கு டிசம்பர் வேண்டாம் என்று மேலே சொன்னது இதனால்தான்.

என்-95 முகக்கவசம் குழந்தை அளவில் கிடைக்கிறது. ஏழு வயதுப் பிள்ளை போட்டுக்கொள்ளும். மூன்று வயது அரை மணி நேரம் தாங்கினால் அதிர்ஷ்டம்.

மருந்துப் பையில் வழக்கமான காய்ச்சல் மருந்து, ஓ.ஆர்.எஸ்., மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு. இந்தச் சொட்டு மருந்து இல்லாமல் நான் போகவே மாட்டேன். ஹீட்டர் ஓடும் அறையில் ராத்திரி மூக்கு காய்ந்து அடைத்துக்கொண்டு பிள்ளை எழுந்து அழும். பிள்ளை கை எட்டாத உயரத்தில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைப்பதும் ஓரளவு உதவும். இன்னொன்று, குளிரில் பிள்ளைகள் தண்ணீர் கேட்கவே மாட்டார்கள். நாலாம் நாள் வயிறு கட்டிக்கொள்ளும். ஃபிளாஸ்க்கில் வெதுவெதுப்பான நீர் எப்போதும் கையில் இருக்கட்டும், மணிக்கு ஒரு தடவை நீங்களாகவே கொடுங்கள்.

6. ஒரு நாள் எப்படிப் போக வேண்டும்

எட்டரை வரை தூங்கட்டும். ஒன்பதரைக்கு அறையிலேயே நன்றாகச் சாப்பிடட்டும். பத்தரைக்குக் கிளம்பினால் பதினொன்றுக்கு இடம். இரண்டு மணிக்கு வெயிலில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு. டெல்லிக்காரர்களே அப்படித்தான், வெயில் வந்துவிட்டால் குடும்பம் குடும்பமாகப் புல்தரையில் துணி விரித்து உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருப்பார்கள். நாலு, நாலரைக்குத் திரும்ப வேண்டும். ஆறு மணிக்கு மேல் வெளியே வேலை வைக்காதீர்கள். இந்தியா கேட்டின் விளக்கு அலங்காரத்தைப் பார்க்காமல் வந்துவிட்டோமே என்று பெரியவர்களுக்குத்தான் தோன்றும். பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் ரஜாயும் கார்ட்டூனும் போதும்.

7. எங்கே போகலாம்

ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் சாணக்கியபுரியில் உள்ள தேசிய ரயில் அருங்காட்சியகம். திறந்த வெளியில் உண்மையான நீராவி எஞ்சின்கள் வரிசையாக நிற்கின்றன. பிள்ளைகளுக்குச் சக்கரத்தின் உயரத்தைப் பார்த்தே வாய் பிளக்கும். உள்ளே போனதும் முதல் வேலையாகக் குட்டி ரயிலுக்கு டிக்கெட் வாங்குங்கள், பிறகு வரிசை நீண்டுவிடும். அங்கே தவறவிடக் கூடாத ஒன்று பட்டியாலா மோனோ ரயில். 1907-ல் தொடங்கி 1927 வரை பட்டியாலா சமஸ்தானத்தில் ஓடியது. ஒரே ஒரு தண்டவாளம். வண்டியின் ஒரு பக்கம் அதன் மேல், மறுபக்கம் ஒரு பெரிய இரும்புச் சக்கரம் சாலையில் உருளும். என் மகன் அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டான். "இன்னொரு தண்டவாளம் எங்கே?" என்று அங்கிருந்த காவலாளி, ஐஸ்கிரீம்காரர், முன்பின் தெரியாத ஒரு தாத்தா எல்லோரையும் தமிழிலேயே கேட்டான். தாத்தா மட்டும் என்ன புரிந்ததோ, வெறும் கையை விரித்துக் காட்டினார். மூன்று மணி நேரம் அங்கே போனது தெரியவில்லை.

இரண்டாவது, ஹுமாயூன் கல்லறையும் அதை ஒட்டிய சுந்தர் நர்சரியும். கல்லறையை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுங்கள். தாஜ்மஹாலுக்கு முன்னோடி என்ற வரலாறு ஏழு வயதுக்கு ஓரளவு ஏறும், மூன்று வயதுக்குப் படிகள்தான் முக்கியம். அந்தப் படிகள் மிகவும் செங்குத்து, கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு சுந்தர் நர்சரி. தொண்ணூறு ஏக்கர் தோட்டம், ஓடை, குளம், நடுநடுவே முகலாயர் காலக் கட்டடங்கள், தள்ளுவண்டி ஓடக்கூடிய பாதை, சுத்தமான கழிப்பறை. கழிப்பறையைக் குறிப்பிட்டே சொல்கிறேன், குளிரில் பிள்ளைகளுக்கு முக்கால் மணிக்கு ஒரு தடவை வரும். துணி விரித்துச் சாப்பிட டெல்லியில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. தொல்லியல் துறையின் சின்னங்களில் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் கிடையாது, அதுவும் ஒரு சௌகரியம்.

உயிரியல் பூங்கா பெரியது, பேட்டரி வண்டி உண்டு. வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள், சாப்பிட்டுவிட்டே போங்கள். குளத்து மரங்களில் மஞ்சள் மூக்கு நாரைகள் கூட்டமாக இருக்கும். வேடந்தாங்கலில் பார்த்த அதே பறவை என்று மகளுக்குச் சொன்னபோது, "அப்போ இதுவும் லீவுக்கு வந்திருக்கா?" என்றாள். பறவைக் காய்ச்சல் மாதிரிக் காரணங்களுக்காகச் சில சமயம் பூங்காவை மூடிவிடுவார்கள், முந்தின நாள் சரிபார்த்துவிடுங்கள்.

செங்கோட்டையும் சாந்தினி சௌக்கும் ஒரே நாளில். கோட்டைக்குள் முழுவதும் நடக்க முயல வேண்டாம். லாகூர் வாசல் வழியாக உள்ளே போய், மன்னர் மக்களைச் சந்தித்த திவானே ஆம் மண்டபம் வரை பார்த்துத் திரும்பினால் சின்னப் பிள்ளைக்கு அதுவே அதிகம். சுதந்திர தினத்தன்று பிரதமர் கொடியேற்றும் இடம் அந்த லாகூர் வாசல் மதில்தான் என்று காட்டினால் பெரியவர்கள் முகத்தில்கூட ஒரு மலர்ச்சி வரும். சாந்தினி சௌக்கின் பெரிய தெருவில் பகலில் மோட்டார் வண்டி கிடையாது. சைக்கிள் ரிக்‌ஷாவில் ஒரு சுற்று, சூடான ஜிலேபி, ஒரு மணி நேரம், கிளம்பிவிடுங்கள். கூட்டத்துக்குள் போகும் முன் பிள்ளையின் சட்டைப் பையில் உங்கள் போன் எண் எழுதிய காகிதம் இருக்கட்டும்.

குதுப் மினார் ஒன்றரை மணி நேர வேலை. உள்ளே ஏற விடுவதில்லை. 1981-ல் நடந்த நெரிசல் விபத்துக்குப் பிறகு மூடியதுதான். அங்கிருந்து திரும்பும் வழியில் ராமகிருஷ்ணபுரம் மலை மந்திருக்குப் போகலாம். குன்றின் மேல் சுவாமிநாத சுவாமி, 1973-ல் குடமுழுக்கு கண்ட கோயில். ஐந்து நாள் இந்தி கேட்ட காதுக்கு அங்கே படியேறும்போது நாலாபுறமும் தமிழ் விழும். மாமியார் அங்கேதான் முதல்முறையாகக் குளிரை மறந்தார். நண்பகலில் நடை சாத்தியிருக்கும், பார்த்துப் போங்கள்.

காற்று கெட்ட நாளுக்கு: பகதூர் ஷா ஜாபர் மார்க்கில் சங்கரின் சர்வதேசப் பொம்மை அருங்காட்சியகம். கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1965-ல் தொடங்கியது. எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் பொம்மைகள். பழைய காலத்துக் கண்ணாடிப் பெட்டிகள்தான், தொட முடியாது; ஆனாலும் என் மகள் ஜப்பான் பொம்மைகள் முன்னால் அரை மணி நேரம் நின்றாள்.

தாமரைக் கோயிலை விட்டுவிடுங்கள். நீண்ட வரிசை, உள்ளே பேசக் கூடாது. மூன்று வயதுக்கு அது நடக்காது. அக்ஷர்தாமில் போன், பை எதற்கும் அனுமதி இல்லை, அதுவும் பிள்ளைகள் வளர்ந்த பிறகு.

ஆக்ரா? எல்லோரும் கேட்பார்கள். டெல்லி வரை போய்விட்டுத் தாஜ்மஹால் பார்க்காமலா என்று ஊரில் சொல்லிச் சொல்லியே நம்மைக் கிளப்பிவிடுவார்கள். இந்தப் பருவத்தில் விடியற்காலையில் கார் எடுத்து யமுனா விரைவுச் சாலையில் போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பனியில் ஒன்றன் பின் ஒன்றாக வண்டிகள் மோதும் சாலை அது. போயே தீர வேண்டுமானால் நிஜாமுத்தீனிலிருந்து காலை எட்டு மணிக்கு மேல் கிளம்பும் கதிமான் எக்ஸ்பிரஸ். தாமதத்துக்கும் தயாராக இருங்கள். போன பிறகு தாஜ் பனிக்குள் மறைந்திருக்கவும் கூடும்.

8. ஊருக்குள் போக்குவரத்து

மெட்ரோ நல்லது, சூடாகவும் இருக்கும். தொண்ணூறு சென்டிமீட்டர் உயரத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு டிக்கெட் இல்லை. முதல் பெட்டி பெண்களுக்கு; நானும் அத்தையும் பிள்ளைகளும் அதில், அவர் அடுத்த பெட்டியில். காலை பதினொன்று வரையும் மாலை ஐந்துக்கு மேலும் நெரிசல் என்பதால் நம் பதினொன்று–நாலரைக் கணக்கு இங்கேயும் பொருந்துகிறது. ராஜீவ் சௌக்கில் வண்டி மாறும்போது மட்டும் சின்னவனைத் தூக்கிக்கொள்ளுங்கள். நாலு பேருக்கு மேல் என்றால் செயலியில் டாக்சி பிடிப்பதே கணக்குக்குச் சரி. விமான நிலையத்துக்கு எக்ஸ்பிரஸ் மெட்ரோ புதுடெல்லி நிலையத்திலிருந்து இருபது நிமிடம்தான்.

9. சாப்பாடு

நம் பிள்ளைகளுக்கு மூன்றாம் நாள் தயிர் சாதம் தேவைப்படும். கிடைக்கும், ஆனால் பாசுமதி அரிசியை எவ்வளவு பிசைந்தாலும் குழையாது, தயிரோ ஃப்ரிட்ஜிலிருந்து வரும். நான் கண்டுபிடித்த மாற்று கிச்சடி. ரவா கிச்சடி இல்லை. அங்கே கிச்சடி என்றால் அரிசியும் பயத்தம்பருப்பும் குழைய வேகவைத்தது, நம் வெண்பொங்கலுக்குச் சித்தப்பா முறை. எந்த ஓட்டலிலும் மிளகாய் இல்லாமல் செய்து தருவார்கள். மேலே நெய், பக்கத்தில் நாம் கொண்டுபோன பருப்புப் பொடி.

இட்லிக்கு கனாட் பிளேஸ் சரவண பவன் இருக்கிறது. ஆனால் தினமும் அதற்காக அலைய வேண்டாம். டெல்லிக்குப் போனால் டெல்லிக் குளிர்காலத்தைச் சாப்பிட வேண்டும். தெருவோரத்தில் கங்கில் சுட்ட சக்கரவள்ளிக் கிழங்கை வெட்டி, எலுமிச்சை பிழிந்து மசாலா தூவித் தருவான். பிள்ளைக்கு மசாலா வேண்டாம் என்று சொல்லி வாங்கிக் கையில் கொடுத்தால் கையும் சூடாகும், வயிறும் நிறையும். சிவப்பு கேரட்டில் கிண்டிய அல்வா இந்தப் பருவத்தில்தான். பழைய டெல்லியில் தௌலத் கி சாட் என்று ஒன்று, பால் நுரையை அள்ளி இலைத் தொன்னையில் வைத்து மேலே சர்க்கரையும் பிஸ்தாவும். வாயில் வைத்தால் கரைந்து காணாமல் போகும். பெரியவர்கள் சாப்பிடுங்கள், திறந்த வெளியில் வைத்து விற்கும் பால் என்பதால் சின்னவனுக்கு நான் கொடுக்கவில்லை. அவன் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறான்.

10. திரும்பும் நாள்

விமானத்தில் பெரும்பாலும் ஆளுக்குப் பதினைந்து கிலோதான். வாங்கின கம்பளித் துணி எடை காட்டிவிடும். கனமான ஜாக்கெட்டுகளைப் பெட்டியில் அடைக்காமல் போட்டுக்கொண்டே ஏறுங்கள், எடைபோட மாட்டார்கள். சென்னையில் இறங்கிப் பெல்ட் அருகே நிற்கும்போதே எல்லாவற்றையும் கழற்ற ஒரு காலி துணிப்பை கைப்பையில் இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் துவைத்து, நன்றாக வெயிலில் காயவைத்து, வேப்பிலையோ அந்துருண்டையோ போட்டுக் கட்டி வையுங்கள். அடுத்த வருடம் தெருவில் யாராவது டெல்லிக்குக் கிளம்புவார்கள். எங்கள் மகனின் நீல ஜாக்கெட் இதுவரை மூன்று வீட்டுப் பிள்ளைகளோடு செங்கோட்டைக்குப் போய் வந்திருக்கிறது. பித்தான் ஒன்றுதான் குறைகிறது.